கல்லா அக்கா பதில்கள்: தேக்கா எம்ஆர்டி

(பஃபலோ சாலை மளிகைக் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டே அக்கா எழுதும் பகுதி. இம்மாதக் கடிதங்களில் தேக்கா நிலையத்தை, அதாவது சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலின் லிட்டில் இந்தியா நிலையத்தைப் பற்றியவை மட்டும் இங்கே.)

அக்கா, ‘எம்ஆர்டி வந்துதான் தேக்கா கெட்டுப்போச்சு’ என்று என் மாமனார் வாய்க்கு வாய் சொல்கிறார். எனக்கு ரயில் இல்லாத தேக்காவே தெரியாது. அப்படி என்னதான் மாறிவிட்டது?
– ஈசூன் வாசகி

முதலில் உங்கள் மாமனார் எந்தத் தெருக்காரர் என்று கேளுங்கள். சிராங்கூன் சாலையில் கடை வைத்திருந்தவர் என்றால் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் சாலைக்காரர் என்றால் அவருக்குக் குறை சொல்ல வாயே வரக் கூடாது.

வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூன் 20ஆம் தேதி திறந்தது. அதுவரைக்கும் தேக்காவுக்கு முன்பக்கம் என்றால் சிராங்கூன் சாலைதான். 65, 147 மாதிரிப் பேருந்துகளில் வந்து சிராங்கூன் சாலையில் இறங்குவார்கள். நகைக்கடை, புடவைக்கடை, காளியம்மன் கோயில் எல்லாம் முகத்தெதிரே இருக்கும். காய்கறி வேண்டுமென்றால்தான் பஃபலோ சாலைக்குள் திரும்புவார்கள். அதற்கும் பின்னால் இருந்த ரேஸ் கோர்ஸ் சாலை எங்களுக்குக் கொல்லைப்பக்கம். மீன் தலைக் கறி சாப்பிடப் போகிறவர்கள், அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், கோயிலுக்குக் குறுக்கே நடப்பவர்கள் தவிர அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

நிலையத்தை அந்தக் கொல்லைப்பக்கத்தில்தான் கட்டினார்கள். பூமிக்கடியிலிருந்து மின்படியில் ஏறி வருகிற ஆள் இப்போது ரேஸ் கோர்ஸ் சாலை மூலையிலோ தேக்கா சந்தை ஓரத்திலோ தலை காட்டுகிறார். பஃபலோ சாலையைக் கடந்துதான் சிராங்கூன் சாலைக்கே போகிறார். அதற்குள் பையில் பாதி நிறைந்துவிடுகிறது. தெருவின் வால்முனையில் இருந்த எங்கள் கடை ஒரே நாளில் தலைக்கடையாகிவிட்டது. நாங்கள் ஓர் ஆணியைக்கூட இடம் மாற்றவில்லை. அடுத்த வாடகை ஒப்பந்தம் பேச வந்த கடைச் சொந்தக்காரர் நலம் விசாரிப்பதற்கு முன்னால் ரயிலைப் பற்றித்தான் பேசினார்.

இரண்டாவது மாற்றம் கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பை சின்னதாகிவிட்டது. முன்பு மாதச் சம்பளம் வாங்கியதும் குடும்பத்தோடு டாக்சி பிடித்து வருவார்கள். அரிசி மூட்டை, எண்ணெய் டின், ஒரு மாதத்துக்கான பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் பின்பெட்டியில் ஏறும். ரயிலில் வருகிறவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவாரா? ஐந்து கிலோ இட்லி அரிசி, கைப்பிடி வைத்த பையாக இருந்தால்தான் எடுக்கிறார். பத்து நாளில் மறுபடி வருகிறார். நாங்களும் சரக்கு வாங்குவதை அதற்கேற்ப மாற்றிக்கொண்டோம். மூட்டைகள் உள்ளறைக்குப் போயின, சின்னப் பைகள் வாசலுக்கு வந்தன. கறிவேப்பிலையை மட்டும் நினைத்து அடுத்த நிலையத்திலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் உண்டு, நம்புங்கள். முருங்கைக்காய் வாங்குகிறவர்களுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவேன்: பையைக் குறுக்கே பிடிக்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள். அட்டையைத் தட்டும் வாசல் கதவு உங்களை விட்டுவிட்டு முருங்கைக்காயைக் கவ்விக்கொள்ளும்.

2015 டிசம்பர் 27இல் டௌன்டவுன் பாதையும் வந்து சேர்ந்தது. புக்கிட் பாஞ்சாங், பியூட்டி வோர்ல்ட், பூமலை (பொட்டானிக் கார்டன்ஸ்) என்று மேற்குப் பக்கத்து ஆட்கள் வாடிக்கையாளர் ஆனார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எங்களிடம் கேட்கும் சாமான்களே வேறு. குஜராத்தி வீட்டுக்கு ஒரு மாவு, மலையாளி வீட்டுக்கு ஒரு அரிசி, ஆந்திர வீட்டுக்கு ஒரு மிளகாய். கடையில் அலமாரி ஒன்று கூடியது அப்போதுதான்.

ஆஸ்பத்திரிக் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இங்கிருந்து நடக்கிற தூரம். முதல் பிள்ளை பெற்ற வீட்டின் மாமியாரை நூறு பேருக்கு நடுவில் நிறுத்தினாலும் கண்டுபிடித்துவிடுவேன். கையில் துண்டுச்சீட்டு. அதில் சுக்கு, பூண்டு, பெருங்காயம், கண்டதிப்பிலி, பனங்கருப்பட்டி. பக்கத்தில் தூக்கமில்லாத கண்ணோடு மருமகனோ மகனோ ஓர் ஓரமாக நிற்பான். அவனுக்குக் கண்டதிப்பிலி எது, அரிசித்திப்பிலி எது என்று தெரியாது. தெரிந்ததுபோலத் தலையாட்டுவான்.

பழைய கேகே மருத்துவமனை ஹேம்ப்ஷியர் சாலையில் இருந்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு. அதில் நானும் ஒருத்தி. 1997இல் மருத்துவமனை புதுக் கட்டடத்துக்குப் போனது. பழைய இடத்தில் இப்போது இருப்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம். நான் பிறந்த வளாகத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எந்த ரயில் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். ஏதோ எனக்கும் அதில் உரிமை இருப்பதுபோல் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன்.

உங்கள் மாமனாரின் மீதிப் பாதி நியாயம் என்னவென்றால், கட்டுமான வருடங்கள். பலகை மறைப்பு, தூசி, இன்று இந்தப் பக்கம் வழி, நாளை அந்தப் பக்கம். வாடிக்கையாளர் வழி தெரியாமல் திரும்பிப் போனார்கள். இரண்டு பாதைகளுக்கும் தனித்தனியாக இரண்டு தடவை இது நடந்தது. அந்த நாட்களில் கடையை விட்டுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ரயிலைப் பற்றி நல்லதாக நான் ஒன்றும் பேசமாட்டேன்.

ஞாயிறு மாலை தேக்காவில் இறங்கினால் நிலையத்தைவிட்டு மேலே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வெளிநாட்டு ஊழியர்களுக்கு வேறு இடம் ஒதுக்கக் கூடாதா?
– செங்காங் வாசகர்

ஒதுக்கியிருக்கிறார்கள், ஐயா. விடுதிகளுக்குப் பக்கத்திலேயே பொழுதுபோக்கு நிலையங்கள் இருக்கின்றன. கடை உண்டு, விளையாட்டுத் திடல் உண்டு. இருந்தும் வருகிறார்கள். ஏன் என்று கடையில் நின்று பார்த்தால் விளங்கும்.

ஒருவர் துவாஸ் பக்கம் விடுதியில் இருப்பார். அவருடைய ஊர்க்காரர் காக்கி புக்கிட்டில். மைத்துனர் பொங்கோலில். மூன்று பேரும் சந்திக்க நடுவில் ஓர் இடம் வேண்டும். ‘தேக்கா எம்ஆர்டி வாசல்ல நில்லு’ என்று சொன்னால் போதும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், முடி வெட்ட வேண்டும், கோயிலில் ஒரு கற்பூரம், பிறகு ஆட்டுக்கறியோடு ஒரு சோறு. பொழுதுபோக்கு நிலையத்தில் இதில் சிலது கிடைக்கும். மைத்துனர் கிடைக்கமாட்டார்.

போன மாதம் ஊருக்குப் போகவிருந்த ஒரு தம்பி கடை வாசலில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கோடாலித் தைலத்தை ஒவ்வொரு பாட்டிலாகக் காட்டிக்கொண்டிருந்தான். மறுமுனையில் மனைவி. ‘பெரிசா சின்னதா?’ ‘மாமாவுக்குப் பெரிசு, சின்னம்மாவுக்குச் சின்னது.’ ‘சின்னம்மா கோவிச்சுக்காதா?’ ‘சரி, ரெண்டும் பெரிசு.’ பின்னால் வரிசையில் ஆறேழு பேர். யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லாருக்கும் ஒரு சின்னம்மா இருப்பார் போல.

2013 டிசம்பர் 8 நினைவிருக்கும். நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், விடுதிக்கு ஆளேற்றும் தனியார் பேருந்தில் அடிபட்டு 33 வயதுத் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் இறந்தார். அதையொட்டிக் கலவரம். பிறகு மதுவுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2015 முதல் அது சட்டமாகவே இருக்கிறது. வாரயிறுதியில் இங்கே பொது இடத்தில் குடிக்க முடியாது. காவலும் கேமராவும் கூடின. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் எரிந்த வண்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இறந்தவரைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

உங்களுக்கு என் யோசனை: ஞாயிறு காலையிலேயே வந்துவிடுங்கள். கீரை அப்போதுதான் வாடாமல் இருக்கும். மாலைதான் தோது என்றால் செங்காங்கிலிருந்து வரும்போது ஒரு நிலையம் முன்னதாக ஃபேரர் பார்க்கில் இறங்கி, சிராங்கூன் சாலை வழியாக நடந்து வாருங்கள். வழியில் பெருமாளையும் கும்பிடலாம். கூட்டம் அங்கேயும் இருக்கும், மூச்சு விடலாம்.

அம்மாவை அழைத்துக்கொண்டு முதன்முறை சிங்கப்பூர் வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் வரலாமா? கோயில்களுக்கு எந்த நிலையம்?
– மதுரை வாசகி

தாராளமாக வரலாம். பெட்டி அதிகம் இல்லை என்றால்தான். இரண்டு பெரிய பெட்டியும் முழங்கால் வலியும் சேர்ந்தால் டாக்சியில் வாருங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

ரயில் என்றால் இரண்டு வழி. சாங்கி விமான நிலையத்துக்கு அடுத்த நிலையம் எக்ஸ்போ. அங்கே டௌன்டவுன் பாதைக்கு மாறினால் வேறெங்கும் மாறாமல் லிட்டில் இந்தியாவில் வந்து இறங்கலாம். ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பாதை எங்கள் பக்கத்து ஜாலான் புசாருக்கு முதலில் வந்துவிடும். ‘ஆகா, வந்துவிட்டோம்’ என்று எழுந்தால், ரயில் அங்கிருந்து ஃபோர்ட் கேனிங், சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ் என்று நகரத்தைச் சுற்றிவிட்டு, சிக்குக் கோலத்தின் இழைபோலத் தன்னைத் தானே குறுக்கே வெட்டிக்கொண்டு, ரோச்சோர் தாண்டித்தான் லிட்டில் இந்தியாவுக்கு வரும். நடக்க முடிந்தவர்கள் ஜாலான் புசாரில் இறங்கி நடந்துவிடுவார்கள். அம்மாவை நடக்கவைக்காதீர்கள். உட்கார இடம் கிடைத்திருந்தால் சுற்றிக்கொண்டே வாருங்கள், ரயிலுக்குள் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

இன்னொரு வழி, தானா மேராவில் மாறி ஊட்ரம் பார்க் வரை கிழக்கு மேற்குப் பாதை, அங்கிருந்து வடகிழக்குப் பாதையில் நாலாவது நிலையம். இதில் இரண்டு தடவை மாற வேண்டும், ஊட்ரம் பார்க்கில் நடையும் உண்டு.

எல்லா நிலையத்திலும் மின்தூக்கி இருக்கிறது. நீலப் பலகையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட திசையில் போங்கள். ஏறும் வாசலை மட்டும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். தப்பான வாசலில் ஏறிவிட்டால் வெயிலில் சுற்றிவர வேண்டியிருக்கும். சந்தைக்கும் சாப்பாட்டுக்கும் தேக்கா சந்தைப் பக்கத்து வாசல். வங்கி அட்டையைத் தட்டினாலே கதவு திறக்கும். ஆனால் ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான், அம்மாவுக்குத் தனி அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கு லிட்டில் இந்தியா நிலையம். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கும் முஸ்தஃபா என்ற பெரிய கடைக்கும் ஃபேரர் பார்க். தைப்பூசத்துக்குக் காவடி புறப்படுவது பெருமாள் கோயிலிலிருந்துதான். போய்ச் சேர்வது டேங்க் ரோடு தெண்டாயுதபாணி சன்னிதிக்கு. தைப்பூசச் சமயத்தில் வருவதாக இருந்தால் ரயில்தான் உத்தமம், சாலைகளை அடைத்துவிடுவார்கள்.

முஸ்தஃபாவுக்குள் அம்மாவைத் தனியாக விடாதீர்கள். அது என் அனுபவமல்ல, ஊரறிந்த விஷயம்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் கோலம் போட்டது யார்? அந்த ரயிலுக்கு ஓட்டுநர் ஏன் இல்லை? பள்ளித் திட்டப்பணிக்காகக் கேட்கிறேன்.
– உயர்நிலை இரண்டு மாணவி, ஹவ்காங்

கண்ணு, வடகிழக்குப் பாதை கட்டியபோதுதான் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கலைஞரின் படைப்பை வைக்கும் திட்டம் தொடங்கியது. நம் நிலையத்தில் அந்த வேலையைச் செய்தவர் எஸ். சந்திரசேகரன், சிங்கப்பூர்க் கலைஞர். அவசரமாக நடக்கிறவர்களுக்கு அது தரை. நீ கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி நின்று பார், கோலம் தெரியும். சுவரில் இலை வடிவ உலோகத் தட்டிகள் இருக்கும், அது வீட்டுப் பூசையறைக் கதவின் சாயலில் செய்தது. டௌன்டவுன் பாதைப் பக்கம் போனால் கிரேஸ் டான் செய்த படைப்பு. அது நெசவையும் துணியையும் வடிவக் கணிதமாக்கியது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். உனக்கு எது பிடிக்கிறது என்று திட்டப்பணியில் எழுது, ஆசிரியர் மதிப்பெண் தருவார்.

வடகிழக்குப் பாதைதான் சிங்கப்பூரில் ஓட்டுநர் இல்லாமல் முழுக்கத் தானியங்கியாக ஓடிய முதல் எம்ஆர்டி பாதை. கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து கண்காணிக்கிறார்கள். ஓட்டுநர் அறை கிடையாது என்பதால் முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சுரங்கத்தைப் பார்க்கலாம். அந்த இடத்துக்கு எப்போதும் ஒரு நாலு வயசுப் பையன் போட்டிக்கு வருவான், விட்டுக்கொடுத்துவிடு. இன்னொன்றும் எழுதிக்கொள்: வடகிழக்குப் பாதை ரயிலுக்கு ஆறு பெட்டி, டௌன்டவுன் பாதைக்கு மூன்று. வடகிழக்குப் பாதைக்கு மின்சாரம் மேலே ஓடும் கம்பியிலிருந்து வருகிறது. டௌன்டவுன் பாதைக்குத் தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து.

ஃபேரர் பார்க் மாதிரிச் சில நிலையங்கள் ஆபத்துக் காலத்தில் பொதுமக்கள் தங்கும் பாதுகாப்பிடமாகவும் கட்டப்பட்டவை. அதையும் சேர்த்தால் ஒரு பக்கம் கூடும்.

நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டுத் திறக்காமல் பூட்டி வைத்தார்களாமே, உண்மையா?
– புக்கிட் பாத்தோக் வாசகர்

உண்மைதான். இதே வடகிழக்குப் பாதையில் இரண்டு. புவாங்கோக் நிலையம் தயாராக நின்றது, ரயிலும் அதைத் தாண்டி ஓடியது, ஆனால் சுற்றுவட்டாரத்தில் போதிய குடியிருப்பு இல்லை என்று திறக்கவில்லை. குடியிருந்த கொஞ்சப் பேருக்குக் கோபம். 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் வந்த சமயத்தில் யாரோ வெள்ளை அட்டை யானைகளை வெட்டிச் சாலையோரம் நட்டு வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘வெள்ளை யானை’ என்றால் செலவு வைத்துவிட்டுப் பயன்படாமல் நிற்பது. போலிஸ் விசாரணை வரைக்கும் போய் எச்சரிக்கையோடு முடிந்தது. 2006 ஜனவரி 15இல் நிலையம் திறந்தது.

உட்லீ இன்னும் பொறுமைசாலி. பக்கத்தில் இருந்தது பிடாதரி இடுகாடு. கல்லறைகளை அகற்றினார்கள், வீடுகள் வரக் காத்திருந்தார்கள். நிலையம் திறக்க 2011 ஜூன் 20 ஆகிவிட்டது, பாதை திறந்து சரியாக எட்டு வருடம். இன்று போய்ப் பாருங்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள்தான் எங்கும். பாதையின் வடகோடியில் பொங்கோல் கோஸ்ட் 2024 டிசம்பர் 10இல் திறந்தது.

அங்கெல்லாம் நிலையத்தை வைத்துவிட்டு ஊர் வருவதற்குக் காத்திருந்தார்கள். தேக்காவில் ஊர் ரொம்ப நாளாகத் தயாராக இருந்தது, ரயில்தான் பிந்தி வந்தது. முதல் எம்ஆர்டி 1987 நவம்பரில் ஈயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் நடுவில் ஓடியது. பதினைந்து வருடத்துக்கு மேல் நாங்கள் டோபி காட் வரை ரயிலில் வந்தவர்கள் மிச்சத் தூரத்தைப் பேருந்தில் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு ரயிலில் போகலாமா? பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்கிறார்கள்.
– பொத்தோங் பாசிர் வாசகி

போகலாம். டுரியானுக்குத்தான் தடை, மீனுக்கு இல்லை. ஆனால் முறைக்கிறவர்கள் மேலும் தப்பில்லை. மீன்காரரிடம் சுத்தம் செய்து இரண்டு பையாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், கொஞ்சம் பனிக்கட்டி கேளுங்கள், தருவார். பையின் அடியில் பழைய செய்தித்தாள் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் சொட்டாது. மீனைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் மீன், பிறகு காய்கறி, பிறகு தேநீர், பிறகு என் கடையில் அரை மணி நேரம் பேச்சு என்று இருந்தால் ரயிலில் முறைக்காமல் என்ன செய்வார்கள்? உங்களுக்கு மூன்றே நிலையம்தான்.